நாமக்கல் முட்டையும் நட்பில்லாத நாடுகளும்

2024 ஏப்ரல் 5ஆம் தேதி இந்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2024-25 நிதியாண்டில் மாலத்தீவுக்கு எந்தெந்த அத்தியாவசியப் பொருளை எவ்வளவு அனுப்பலாம் என்கிற பட்டியல் அது. அரிசி 1,24,218 டன், கோதுமை மாவு 1,09,162 டன், சர்க்கரை 64,494 டன், வெங்காயம் 35,749 டன், உருளைக்கிழங்கு 21,513 டன். ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். இவற்றோடு முட்டை, 42 கோடியே 75 லட்சம். 1981ஆம் ஆண்டு வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் இந்த ஏற்பாடு வந்ததிலிருந்து இவ்வளவு பெரிய அளவுக்கு அனுமதி தந்ததில்லை என்று மாலேயில் உள்ள இந்தியத் தூதரகமே சொன்னது.

அந்த ஏப்ரலில் இரு நாடுகளும் எப்படி இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்தப் பட்டியலின் விசித்திரம் புரியும். இந்தியப் படையினரை வெளியேற்றுவேன் என்று முழங்கித் தேர்தலில் வென்ற முகமது முய்சு, 2023 நவம்பர் 17இல் மாலத்தீவின் அதிபரானார். 2024 ஜனவரியில் பிரதமர் மோடியின் லட்சத்தீவுப் பயணத்தை ஒட்டி அவரை இழிவாகப் பதிவிட்ட துணை அமைச்சர்கள் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதோடு இங்கே கோபம் அடங்கவில்லை. ஈஸ்மைட்ரிப் நிறுவனம் மாலத்தீவு விமான முன்பதிவை நிறுத்தியது. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் லட்சத்தீவைப் புகழ்ந்து பதிவிட்டார்கள். 2023இல் 2 லட்சத்துக்கும் மேலாக இருந்த இந்தியச் சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கை அடுத்த ஆண்டு 1.30 லட்சமாகச் சரிந்தது. முய்சுவோ பதவியேற்றதும் துருக்கிக்கும் பிறகு சீனாவுக்கும் போனார். உணவுக்கும் மருந்துக்கும் ஒரே நாட்டை நம்பியிருக்கும் நிலையை மாற்றப்போவதாக அறிவித்தார். கடைசி இந்தியப் படையினர் அங்கிருந்து கிளம்ப இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்த நேரத்தில்தான், மாலத்தீவு அரசே கேட்டுக்கொண்டதன் பேரில், டெல்லி இந்தப் பட்டியலில் கையெழுத்திட்டது.

இந்த முட்டைகளில் பெரும்பங்கு எங்கிருந்து போகிறது என்று கொங்கு நாட்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாமக்கல், மோகனூர், பரமத்திவேலூர், புதுச்சத்திரம், ராசிபுரம் வட்டாரப் பண்ணைகளில் நாளொன்றுக்கு 5 கோடிக்கும் மேல் முட்டை விழுகிறது. குளிரூட்டிய கன்டெய்னர்கள் கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி போய்ச் சேர்கின்றன. மாலத்தீவுக்கு அனுமதித்த மொத்த அளவும் நாமக்கல்லின் எட்டொன்பது நாள் உற்பத்திதான். அங்கே, 2022 கணக்கெடுப்பின்படி 5.15 லட்சம் பேர் வாழும் தேசத்தில், அதைத் தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு 830 முட்டை வருகிறது. உச்சவரம்பு என்பதால் அத்தனையும் போய்த் தீரவேண்டும் என்பதில்லை. சுற்றுலா விடுதிகளின் ஆம்லெட்டும் இதில் சேர்த்தி. ஆனாலும் இந்தியாவில் 2023-24இல் ஒருவருக்குக் கிடைத்தது 103 முட்டை என்பதை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எடை தெரியும். விற்கிறவனுக்கு ஒரு வார வியாபாரம், வாங்குகிறவனுக்கு ஒரு வருடக் காலைச் சாப்பாடு.

நம்மைப் பிடிக்காத அரசு ஆளும் நாட்டில் நம் நிறுவனங்கள் வியாபாரம் செய்யலாமா என்ற கேள்வி 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த நாளிலிருந்து உலகெங்கும் கேட்கப்படுகிறது. அந்த மார்ச்சில் ரஷ்யாவே நட்பற்ற நாடுகள் என்று 48 நாடுகளின் பட்டியலை வெளியிட்டது. மேற்கத்திய நிறுவனங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ரஷ்யாவில் தங்கள் தொழிலைக் குறைத்தன அல்லது விட்டு வெளியேறின. நமக்கு இந்த விவாதம் பெரும்பாலும் ஆங்கில வழியாக வருகிறது. அதில் வரும் நிறுவனங்களும் பெரியவை, மெக்டொனால்ட்ஸ், ரெனோ, கார்ல்ஸ்பர்க். ஐந்து லட்சம் கோழி வைத்திருக்கும் பண்ணையாளரும், மாதத்துக்கு நாலு கன்டெய்னர் அனுப்பும் ஏற்றுமதியாளரும் இந்தக் கேள்வியை எப்படிச் சந்திக்கிறார்கள் என்று பார்க்க நாமக்கல்தான் சரியான இடம்.

முதலில் கோழியைப் பற்றிக் கொஞ்சம். குஞ்சு விட்டதிலிருந்து 18, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. 72 வாரம், நல்ல பராமரிப்பு இருந்தால் 80 வாரம் வரை வைத்திருப்பார்கள். ஆக, இன்றைக்கு விழும் முட்டைக்கான முடிவு ஐந்து மாதத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது. அதற்கு அப்புறம் ஓராண்டுக்கும் மேல் அந்தக் கோழியை நிறுத்திவைக்க வழியில்லை. செலவில் முக்கால் பங்கு தீவனம். மக்காச்சோளமும் சோயாவும் என்ன விலை விற்றாலும் கோழிக்குப் போட்டாக வேண்டும். துணி ஆலை ஷிஃப்டைக் குறைக்கலாம், இரும்பு ஆலை உலையை அணைக்கலாம். கோழிப்பண்ணையில் அது நடக்காது. முட்டையைச் சேர்த்துவைக்கவும் நாள் கணக்குதான். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலைக்குக் கீழே 'மைனஸ்' எவ்வளவு என்பதுதான் நாமக்கல்லில் தினசரிப் பேச்சு. எங்கோ ஒரு துறைமுகத்தில் நாலு கப்பல் நின்றால் அந்த மைனஸ் மறுநாளே ஏறிவிடும்.

ஏற்றுமதிக்கு 360 முட்டை கொண்ட அட்டைப்பெட்டிகள், நாற்பதடி குளிர்கன்டெய்னருக்குச் சுமார் 1,300 பெட்டி. ஒரு கன்டெய்னர் என்றால் ஏறத்தாழ 4.70 லட்சம் முட்டை. வாங்குகிற நாட்டின் கால்நடைத் துறைச் சான்று, பண்ணைக்கு ஒப்புதல், எடைவாரியான தரம் பிரிப்பு எல்லாம் முடித்து ஏற்றிய பிறகு அந்த நாடு திடீரென்று மனம் மாறினால் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளூரில் விற்பது பேருக்குத்தான் விற்பனை.

இப்போது நாமக்கல்லின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. அதில் நஷ்டம் எழுதிய நாடுகள் பெரும்பாலும் நட்பு நாடுகள்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நாமக்கல்லுக்கும் நவாபூருக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வளைகுடா நாடுகளுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டாக இல்லை; இந்தியக் கோழிப் பொருள் மொத்தமும் வேண்டாம் என்றார்கள். 2024 இறுதியில் ஓமான் இந்திய முட்டைக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை நிறுத்தியது. கத்தார் எடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இளம் கோழிகளின் சிறிய முட்டை மலிவு என்பதற்காகவே அதுவரை அங்கே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நாமக்கல்லைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் கே.ஆர்.என். ராஜேஷ்குமார் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டியதாயிற்று. ஓமான் நமக்குப் பகை நாடா? இந்திய இராணுவம் முறையாகக் கூட்டுப் பயிற்சி செய்யும் நாடு அது. கத்தாரின் கதை இன்னும் வேடிக்கை: 2023 அக்டோபரில் இந்தியக் கடற்படையின் முன்னாள் வீரர்கள் எட்டுப் பேருக்கு அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டு நாடே பதறிக்கொண்டிருந்தபோது முட்டைக்கு எந்தத் தடையும் இல்லை. அவர்கள் 2024 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டு உறவு சுமுகமான பிறகுதான் எடைத் தொல்லை வந்தது.

அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலால் முட்டை விலை விண்ணைத் தொட்டபோது, 2025இல் நாமக்கல்லிலிருந்து முதன்முறையாகப் பெரிய அளவில், சுமார் ஒரு கோடி முட்டை, அங்கே கிளம்பியது. பண்ணையாளர்கள் பெருமைப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அதில் பாதி, இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை. பகை நாட்டோடு வியாபாரம் செய்ததற்கான அபராதத்தை, அந்த எண்ணெயில் ஒரு சொட்டும் பார்க்காத நாமக்கல் கோழியும் திருப்பூர் பனியனும் கட்டின.

நட்பில்லாத நாடு என்று பேர் எடுத்தவர்களோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாலத்தீவைச் சொன்னேன். மலேசியாவையும் பாருங்கள். 2019 செப்டம்பரில் பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் காஷ்மீர் பற்றிப் பேசியதும் இந்தியாவில் மலேசியப் பாமாயிலைப் புறக்கணிக்கும் குரல் எழுந்தது. 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. மகாதீர் அடுத்த மாதமே பதவி விலகினார். மூன்று வருடம் கழித்து மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு. 2023 ஜனவரியில் அந்நாட்டின் வேளாண் அமைச்சர் முகமது சாபு நாமக்கல்லுக்கே வந்து பண்ணையைப் பார்த்துவிட்டுப் போனார். மாலத்தீவிலும் இதே கதைதான்: முய்சு 2024 அக்டோபரில் டெல்லி வந்து 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவி பெற்றார், 2025 ஜூலையில் அவர்கள் நாட்டின் 60ஆவது சுதந்திர தின விழாவில் பிரதமர் மோடிதான் சிறப்பு விருந்தினர். பகைக்கு ஆயுள் ஒன்றரை வருடம். ஒரு கோழியின் ஆயுள் அளவுதான்.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது: நட்பு, பகை என்று அரசுகள் ஒட்டும் சீட்டு, சந்தையின் ஆபத்தை அளக்க உதவாது, சாப்பாட்டுச் சாமான் விற்கும் நிறுவனம் அந்தச் சீட்டைப் பார்த்துத் தானாக விலகத் தேவையில்லை. விலகித்தான் ஆகவேண்டும் என்றால் அதை அரசு சட்டமாகச் சொல்லட்டும். சொல்லும்போது அதற்கான விலையில் தன் பங்கையும் ஏற்கட்டும். வணிகர்கள் எப்போதும் இப்படித்தான் பேசுவார்கள், லாபத்துக்கு நியாயம் தேடுகிறார்கள் என்ற மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. தமிழ்நாட்டுக்காரர்கள் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது, காரணம் இலங்கை.

2013 மார்ச் 27. தமிழகச் சட்டமன்றத்தில் முதல்வர் ஜெயலலிதா கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதை மத்திய அரசு நிறுத்த வேண்டும், பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும், தனி ஈழம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடத்த ஐ.நா.வில் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். 2011 ஜூனிலும் பொருளாதாரத் தடை கேட்டு இதே சட்டமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. அந்த 2013 மார்ச், மாநிலமெங்கும் மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்த மாதம். சேலத்துக் கல்லூரிகளும் நாமக்கல் கல்லூரிகளும் அடக்கம். முள்ளிவாய்க்கால் நடந்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் கோபத்தின் நியாயத்தை எந்த ஏற்றுமதிக் கணக்காலும் குறைத்துச் சொல்ல முடியாது, கூடாது.

டெல்லி தடை எதையும் விதிக்கவில்லை. 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அப்படியே தொடர்ந்தது. லங்கா ஐ.ஓ.சி. நிலையங்களில் பெட்ரோல் ஊற்றப்பட்டது, எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் பேருந்துகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடின. பிறகு 2022இல் இலங்கையின் கஜானா காலியானது. அந்த ஏப்ரல் 29இல் அதே தமிழகச் சட்டமன்றம், இப்போது முதல்வர் ஸ்டாலின் முன்மொழிய, 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் உயிர்காக்கும் மருந்தும் இலங்கை மக்களுக்கு அனுப்ப அனுமதி கேட்டு இன்னொரு ஒருமனதான தீர்மானம் போட்டது. தமிழர்க்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுத்தது. 2023 மார்ச்சில் இலங்கை அரசு வர்த்தகக் கழகத்தின் வழியாக இந்திய முட்டை கொழும்பில் இறங்கத் தொடங்கியது. முதலில் பேக்கரிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். கேக் விலை கேட்டு அந்நாட்டு மக்கள் மலைத்துப்போயிருந்த நேரம்.

2013இல் தடை வந்திருந்தால் யாருக்கு வலித்திருக்கும்? கொழும்பில் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு இந்திய வெங்காயம் இல்லாமல் போயிருந்தால் வேறு நாட்டு வெங்காயம் வந்திருக்கும். மலையகத் தோட்ட லயத்திலும் வன்னியில் திரும்பவும் கூரை போட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலும்தான் விலையேற்றம் தைத்திருக்கும். இதைச் சொல்வதால் தடை என்னும் கருவியே வீண் என்று ஆகிவிடாது. எதைத் தடுக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். முட்டை வேறு, தடை கேட்டவர்கள் மனத்தில் இருந்த இராணுவப் பயிற்சியும் தளவாடமும் வேறு. ஆள்பவர்களின் கைக்குப் பலம் சேர்க்கிற சரக்கை விற்றுக்கொண்டே மக்கள் வயிற்றைக் காரணம் காட்டுகிற நிறுவனத்துக்கு நான் மேலே சொன்ன வாதத்தில் இடம் கிடையாது.

தடை பலித்த உதாரணமும் நம் கைவசம் உண்டு. 1946 ஜூலையில், நாடு இன்னும் விடுதலை பெறாத நிலையில், இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை முறித்தது. அங்கிருந்த இந்தியர்கள், அவர்களில் ஏராளமானோர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள், எங்கே நிலம் வாங்கலாம் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்த சட்டத்துக்கு எதிர்ப்பு அது. நிறவெறி அரசோடு வர்த்தகத்தைத் துண்டித்த முதல் நாடு இந்தியாதான். அப்போது நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 சதவீதம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சணல் சாக்கு அதில் முக்கியம். ஏழை நாடு தெரிந்தே அந்த இழப்பை ஏற்றது. 1993 வரை, 47 ஆண்டு. யாரும் தனிப்பட்ட கடைக்காரரைப் பார்த்து நீ தேசத்துரோகி என்று கத்தவில்லை. அரசு முடிவெடுத்தது, எல்லோருக்கும் ஒரே விதி, உலக நாடுகள் பின்னால் வரக் காத்திருந்தார்கள். பகை தீர்ப்பதற்காக என்று இல்லாமல் ஓர் அநீதிக்கு எதிராக விதித்த தடை என்பதால்தான் அது அத்தனை காலம் தாங்கியது என்று நினைக்கிறேன்.

போகிற போக்கில் இன்னொன்று. முட்டைக் கன்டெய்னர்கள் கிளம்பும் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பேர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர், வெள்ளையர் கப்பலில் ஏறாதே என்று சொன்னதோடு நிற்கவில்லை. ஏறுவதற்கு வேறு கப்பல் வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். இன்றைக்குப் புறக்கணிப்பு முழக்கமிடுவோர் அந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

2025 மே மாதம் அதைப் பார்த்தோம். ஆபரேஷன் சிந்தூரின்போது துருக்கி பாகிஸ்தானுக்குப் பக்கபலமாக நின்றதும் புணேயில் துருக்கி ஆப்பிள் வேண்டாம் என்றார்கள், உதய்ப்பூரில் துருக்கி மார்பிள் வேண்டாம் என்றார்கள். இதெல்லாம் வணிகர்கள் தாங்களாகச் செய்தது, அவர்கள் உரிமை. ஆனால் மே 15 அன்று துருக்கியைச் சேர்ந்த செலெபி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை அரசு ரத்து செய்தது. சென்னை உட்பட ஒன்பது விமான நிலையங்களில் சரக்கையும் விமானங்களையும் கையாண்ட நிறுவனம். இந்தியாவில் பத்தாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். தங்கள் பங்குகளில் பெரும்பகுதி துருக்கியர் அல்லாத பன்னாட்டு முதலீட்டாளர்களிடம் இருக்கிறது என்று அந்நிறுவனம் சொல்லிப் பார்த்தது. டெல்லி உயர் நீதிமன்றம் ஜூலையில் அரசின் முடிவை உறுதி செய்தது. விமான நிலையத்தின் உள்ளே யார் நடமாடலாம் என்பதில் அரசுக்கு முழு அதிகாரம் உண்டு, அதை மறுக்கவில்லை. வெளியில் போய்த் தொழில் செய்யும் இந்திய நிறுவனங்கள் இதிலிருந்து படிக்க வேண்டிய பாடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நமக்கும் இது நடக்கும்.

நடந்தும் இருக்கிறது, அதே மாலத்தீவில். மாலே விமான நிலையத்தை விரிவாக்கி நடத்த ஜி.எம்.ஆர். நிறுவனம் 2010இல் ஒப்பந்தம் போட்டது. 50 கோடி டாலர் அளவிலான திட்டம். ஆட்சி மாறியது, 2012 நவம்பரில் ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்து, அடுத்த மாதம் நிலையத்தையே எடுத்துக்கொண்டார்கள். நடுவர் மன்றத்தில் பல ஆண்டு வழக்காடி, 2016இல்தான் 27 கோடி டாலர் இழப்பீடு வந்து சேர்ந்தது. விரிவாக்க வேலை சீன நிறுவனத்துக்குப் போனது. அந்தக் காலத்திலும் தூத்துக்குடியிலிருந்து முட்டையும் வெங்காயமும் போவது நின்றுவிடவில்லை. ஓடுபாதையைக் கப்பலில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவர முடியாது. முட்டைக்கு ஒரு கன்டெய்னர்தான் நஷ்டம், அடுத்த கன்டெய்னர் வேறு ஊருக்குப் போகும்.

ரஷ்யாவில் மேற்கத்திய நிறுவனங்கள் பட்டதும் இதுதான். 1990 ஜனவரியில் மாஸ்கோவில் முதல் கடை திறந்து, 32 ஆண்டுகளாக வளர்த்த தொழிலை மெக்டொனால்ட்ஸ் உள்ளூர் முதலாளி ஒருவருக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. ரெனோ தன் அவ்டோவாஸ் பங்கை ஒரு ரூபிளுக்குக் கொடுத்தது. கார்ல்ஸ்பர்க் விற்பதற்கு ஒப்பந்தம் போட்ட அடுத்த மாதமே, 2023 ஜூலையில், அதன் பால்டிகா மதுபான ஆலைகளை ரஷ்ய அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. போர் இதனால் ஒரு நாளாவது முன்கூட்டி முடிந்ததா? முடியவில்லை. கடைகள் வேறு பெயரில் பர்கர் விற்கின்றன, சொத்து ரஷ்யர்களிடம் மலிவு விலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே ரஷ்யாவில் முட்டை என்ன செய்தது என்பது சுவையான கதை. 2023 இறுதியில் அங்கே முட்டை விலை ஒரே ஆண்டில் 40 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. டிசம்பர் 14 அன்று ஆண்டிறுதிப் பேட்டியில் ஒரு ஓய்வூதியர் அதிபர் புதினிடமே முறையிட, அவர் அரசின் தவறு என்று மன்னிப்புக் கேட்டார். உக்ரைன் விஷயத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதவர். 120 கோடி முட்டைக்கு இறக்குமதி வரியை நீக்கினார்கள். துருக்கியும் அஜர்பைஜானும் அனுப்பின. துருக்கி நேட்டோ உறுப்பு நாடு, உக்ரைனுக்கு ட்ரோன் விற்ற நாடு. வளைகுடாவில் நாமக்கல்லுக்குப் போட்டியாக முட்டை விற்கும் நாடும் அதுதான். நாம் ஒரு சந்தையை விட்டு விலகினால் அங்கே யார் போய் நிற்பார்கள் என்று பண்ணையாளரைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்.

வழி அடைபட்டதால் லாபம் பார்த்த கதையும் சேலத்துக்கு உண்டு. ஜவ்வரிசி ஒரு காலத்தில் சிங்கப்பூர், மலாயா பக்கமிருந்து கப்பலில் வந்த சரக்கு. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கடல்வழி மூடியது. 1943-44 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி, பினாங்கில் இந்தத் தொழிலைத் தெரிந்துவைத்திருந்த ஒருவரின் துணையோடு குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். தொட்டிலில் ஆட்டி மணி உருட்டும் கைத்தொழிலாக ஆரம்பித்தது, ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று பரவி, 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வரும் அளவுக்கு வளர்ந்தது. இன்றைக்கு மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாளில் கிச்சடி கிண்டுகிறவர்கள் சேலத்துக் கிழங்கைத்தான் சாப்பிடுகிறார்கள். மூடிய சந்தையில் வாங்கிப் பழகியவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொண்டால், போர் முடிந்த பிறகும் அவர்களைத் திரும்பப் பெறுவது கடினம்.  நாமக்கல் முட்டையை வாங்கும் ஒரு நாட்டை நாமே விரட்டினாலும் நடக்கப்போவது இதுதான்.

ஒருவேளை முழுமையாகவே பகை நாட்டோடு தொடர்பை அறுக்கலாம் என்று முடிவெடுத்தால், எதிர்ப்பக்கம் வருவதையும் பார்க்க வேண்டும். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது, சீன டிவிப் பெட்டிகளைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். 2023-24இல் இந்தியாவின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி சீனாதான், 11,840 கோடி டாலர். கோழித் தீவனத்தில் கலக்கும் லைசின் போன்ற அமினோ அமிலங்களில் உலகின் மிகப் பெரிய உற்பத்தியாளரும் சீனாவே. பாகிஸ்தானின் கதை தலைகீழ். 2019 ஆகஸ்டில் இந்தியாவோடு வர்த்தகத்தை நிறுத்திய பாகிஸ்தான், சில வாரங்களிலேயே மருந்துக்கும் மருந்து மூலப்பொருளுக்கும் விலக்குக் கொடுத்தது. நோயாளிக்கு எல்லைக்கோடு தெரியாது என்று அவர்களும் கண்டுகொண்டார்கள்.

சரி, நாமக்கல் என்ன செய்யலாம்? மாலத்தீவு, மலேசியா, இலங்கை போன்றவற்றின் பொதுமக்கள் சந்தையை விடத் தேவையில்லை. ஆனால் ஒரே நாட்டுக்காகக் குஞ்சு விடக் கூடாது, அந்த நாடு எவ்வளவு அன்பாக இருந்தாலும். ஓமானை மட்டும் நம்பியவர்கள் பட்டபாடு போதும். 2023 அக்டோபரில் உலக விலங்குநல அமைப்பு, மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், தமிழ்நாடு, உத்தரப்பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் 26 பண்ணைத் தொகுதிகள் பறவைக் காய்ச்சல் அற்றவை என்ற இந்தியாவின் அறிவிப்பை ஏற்றுக்கொண்டது. வடக்கே எங்கோ காகம் செத்தால் அது அந்தத் தொகுதியின் முட்டைக்குத் தடை விதிக்கக் காரணமாகாது என்று வாதிட இடம் உண்டு. இது தூதரகப் பேச்சுவார்த்தையைவிடப் பெரிய உதவி. இத்தகைய தொகுதிகள் இன்னும் பெருக வேண்டும்.

அரசின் பக்கம் கருவி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. 1957இல் தொடங்கிய ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம், இ.சி.ஜி.சி., ஒவ்வொரு நாட்டையும் கடன் திரும்புமா, பணம் வெளியே வருமா, அங்கே போர் மூளுமா என்று பார்த்துத் தரம் பிரிக்கிறது. வாங்குகிற நாடு புதிய தடை விதித்தாலும், இறக்குமதி உரிமத்தைப் பாதியில் ரத்து செய்தாலும் ஏற்றுமதியாளருக்கு இழப்பீடு தரும் பாலிசிகள் அதனிடம் உண்டு. அதன் பட்டியல் தொலைக்காட்சி விவாதம் பார்த்துப் போட்டதல்ல. நாமக்கல்லின் சிறிய ஏற்றுமதியாளர் எல்லோரும் அந்தக் குடையின் கீழ் வர வழி செய்வது, எந்த நாட்டோடு வியாபாரம் செய்யலாம் என்று முகநூலில் அவருக்குப் பாடம் எடுப்பதைவிடப் பயனுள்ளது.

டெல்லி ஒரு நாட்டுக்கு முட்டை போகக் கூடாது என்று உண்மையிலேயே முடிவெடுக்கும் நாளும் வரலாம். 1946ஐப் போல நியாயமான காரணமாகக்கூட இருக்கலாம். அப்போது ஆணையின் அடுத்த பத்தியில் கொள்முதல் ஏற்பாடும் இருக்கட்டும். மாலத்தீவின் 42.75 கோடியை 52 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 82 லட்சம் முட்டை. தமிழகத்தில் சத்துணவில் குழந்தைக்கு வாரம் ஐந்து முட்டை ஏற்கனவே கிடைக்கிறது. முட்டையே தராத மாநிலப் பள்ளிகள் இந்த நாட்டில் நிறைய இருக்கின்றன. ரயிலில் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் போய்ச் சேர்ந்துவிடும்.